துளை போட்ட தகடும், ஊர் காத்த நினைவும்



"எல்லாரும் ஹாஸ்டல் சாப்பாடு, கேன்டீன் டீ பத்தித்தான் சார் எழுதித் தர்றாங்க. நீங்களாவது ஏதாச்சும் வரலாறு எழுதுங்க" என்று மலர்க் குழுவினர் கேட்டுக்கொண்டார்கள். நான் 1974 முதல் 1977 வரை இங்கே இயற்பியல் படித்தவன். அதன்பின் அரசுப் பள்ளிகளில் அறிவியல் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன். ராஜாக்கள் வரலாறு எழுத எனக்குத் தகுதி இல்லை. எனக்குத் தெரிந்தது ஒரு பொம்மையின் வரலாறு. அந்தப் பொம்மையைக் கண்டுபிடித்தவரின் நினைவைச் சம்பளம் வாங்காமல் காத்து வரும் ஒரு சின்ன ஊரின் வரலாறு. பொம்மை என்றதும் சிரித்துவிட வேண்டாம். கடைசி வரை படித்துப் பாருங்கள். நமக்கும் அதில் ஒரு வேலை இருக்கிறது.

கணக்கு எழுதியவர் செய்த பொம்மை

இங்கிலாந்தின் மேற்குக் கரையில் உள்ள துறைமுக நகரம் லிவர்பூல். அங்கே 1863 மே 15 அன்று பிறந்தவர் ஃபிராங்க் ஹார்ன்பி. தகப்பனார் மளிகைச் சாமான் வியாபாரி. ஃபிராங்க் 16 வயதோடு படிப்பை நிறுத்திவிட்டு அப்பாவின் வியாபாரத்தில் கணக்கு எழுத உட்கார்ந்துவிட்டார். 1887-இல் ஒரு பள்ளி ஆசிரியையைத் திருமணம் செய்துகொண்டார். தகப்பனார் 1899-இல் காலமான பின், இறைச்சி இறக்குமதி செய்யும் எலியட் என்பவரிடம் கணக்கர் வேலைக்குச் சேர்ந்தார். நம்ம ஊர் பாஷையில் சொன்னால் மண்டிக் கணக்குப்பிள்ளை. பொறியியல் பட்டமோ, பட்டறைப் பயிற்சியோ அவருக்குக் கிடையாது.

வீட்டில் இரண்டு ஆண் பிள்ளைகள். அவர்கள் விளையாடுவதற்காகத் தகரத்தை வெட்டிப் பாலம், பாரந்தூக்கி, வண்டி என்று செய்து கொடுத்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு பொம்மைக்கும் ஒவ்வொரு துண்டையும் தனித்தனியாக வெட்ட வேண்டும். பாரந்தூக்கிக்கு வெட்டிய துண்டு பாலத்துக்கு உதவாது. அலுத்துப் போன மனிதருக்கு அப்போதுதான் ஒரு யோசனை வந்தது. எல்லாத் துண்டுகளையும் ஒரே அகலத்தில் வெட்டி, ஒரே இடைவெளியில் துளை போட்டுவிட்டால் என்ன? இன்றைக்குப் பாலத்தில் இருக்கும் துண்டு நாளைக்குப் பாரந்தூக்கியில் உட்காருமே! திருகாணியும் நட்டும் இருந்தால் போதும். பிரிக்கலாம், பூட்டலாம், மறுபடி பிரிக்கலாம்.

யோசனை வந்துவிட்டது. காப்புரிமை பெறக் கையில் காசு இல்லை. முதலாளி எலியட்டிடம் 5 பவுன் கடன் வாங்கித்தான் விண்ணப்பித்தார். 1901 ஜனவரியில் அந்தக் காப்புரிமை பதிவானது. பிறகு அதே எலியட் இடமும் கொடுத்துப் பங்குதாரராகவும் சேர்ந்துகொண்டார். நல்ல முதலாளி வாய்ப்பதும் ஒரு கொடுப்பினைதான்.

முதலில் அந்தப் பெட்டிக்கு வைத்த பெயரின் பொருள் 'எளிதாக்கப்பட்ட இயந்திரவியல்' என்பதாகும். உள்ளே 16 வகைப் பாகங்கள், 12 மாதிரிகள் செய்யும் விளக்கத் தாள், விலை 7 ஷில்லிங் 6 பென்ஸ். லிவர்பூலில் பொறியியல் பேராசிரியராக இருந்த ஹீல் ஷா இதைப் பார்த்துப் பாராட்டி நற்சான்று கொடுத்தார். 1907-இல் 'மெக்கானோ' என்ற பெயர் பதிவு செய்யப்பட்டது. 1908-இல் மெக்கானோ கம்பெனி உருவானது. நம் தலைமுறையில் சென்னை, மதுரைப் பக்கம் வசதியான வீட்டுப் பிள்ளைகள் சிலரிடம் இந்தப் பெட்டி இருந்திருக்கலாம். எங்க தெருவில் யாரிடமும் கிடையாது.

அரை அங்குலத்தில் இருக்கும் சூட்சுமம்

இயற்பியல் படித்தவன் என்பதால் ஒரு பத்தி பாடம் நடத்தாமல் இருக்க முடியவில்லை. மாணவக் கண்மணிகள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

மெக்கானோ பட்டைகளில் ஒரு துளையின் மையத்திலிருந்து அடுத்த துளையின் மையம் வரை சரியாக அரை அங்குலம். 4 துளை உள்ள பட்டையில் 3 இடைவெளி. 5 துளைக்கு 4 இடைவெளி. 6 துளைக்கு 5 இடைவெளி. இந்த மூன்று பட்டைகளையும் முனையோடு முனை பூட்டினால் என்ன கிடைக்கும்? 3, 4, 5 அளவுள்ள முக்கோணம். அதாவது அச்சு அசலான செங்கோணம்! பித்தகோரஸ் தேற்றத்தைப் படிக்காத பத்து வயதுப் பையன் கையில் அது தானாக வந்து நிற்கிறது.

இன்னொன்று. நான்கு பட்டைகளைச் சதுரமாகப் பூட்டுங்கள். ஒரு மூலையைத் தள்ளினால் சதுரம் சாய்ந்துவிடும். மூன்று பட்டைகளை முக்கோணமாகப் பூட்டுங்கள். எவ்வளவு தள்ளினாலும் அசையாது. சதுரத்துக்குக் குறுக்கே ஒரு பட்டை கொடுத்தால் அதுவும் நிமிர்ந்து நிற்கும். ரயில் பாலத்திலும் மின்கோபுரத்திலும் முக்கோணம் முக்கோணமாக இரும்பைக் கோத்திருப்பது இதனால்தான். வகுப்பில் நாற்பது நிமிடம் பேசிப் புரியவைக்க வேண்டிய விஷயத்தை விரல்கள் நாலு நிமிடத்தில் கற்றுக்கொள்ளும். ஹார்ன்பி தன் காப்புரிமை விண்ணப்பத்திலேயே இதைப் பொம்மை என்று மட்டும் சொல்லாமல் கல்விச் சாதனம் என்றும் குறிப்பிட்டார் என்பது கவனிக்கத்தக்கது.

பெரியவர்களும் இந்தப் பெட்டியைத் திறந்தார்கள். மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் டக்ளஸ் ஹார்ட்ரீ என்ற பேராசிரியர், அணுவின் அமைப்பைக் கணக்கிடும் வகைக்கெழுச் சமன்பாடுகளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். அமெரிக்காவில் வன்னிவர் புஷ் அத்தகைய சமன்பாடுகளைத் தீர்க்க ஒரு பெரிய இயந்திரம் கட்டியிருந்தார். அதைப்போல ஒன்றைக் கட்டப் பணம் ஏது? 1934-இல் ஹார்ட்ரீயும் அவருடைய மாணவர் ஆர்தர் போர்ட்டரும் பெரும்பாலும் மெக்கானோ பாகங்களைக் கொண்டே ஒரு மாதிரி இயந்திரத்தைக் கட்டிவிட்டார்கள். செலவு சுமார் 20 பவுன்தான். அது வேலை செய்தது. அதைப் பார்த்த பிறகுதான் முழு அளவு இயந்திரம் கட்டப் பணம் கிடைத்தது. கணினி வருவதற்கு முந்தைய காலத்தில் கணக்குப் போட்ட ஒரு பொம்மை என்று இதைச் சொல்லலாம்.

உயர்வும் சரிவும்

1914-இல் லிவர்பூலின் பின்ஸ் சாலையில் பெரிய தொழிற்சாலை எழுந்தது. 1916-இல் 'மெக்கானோ மேகசின்' என்ற பத்திரிகையைத் தொடங்கினார்கள். ஊர் ஊராகச் சிறுவர் மன்றங்கள் தோன்றின. 1920-இல் ஹார்ன்பி பொம்மை ரயில் வந்தது. தண்டவாளத்தின் அகலம் 32 மில்லிமீட்டர். சாவி கொடுத்தால் ஓடும். 1934-இல் 'டிங்கி' என்ற பெயரில் உள்ளங்கையில் அடங்கும் வார்ப்புக் கார்கள் வந்தன. ஒரே மனிதர், மூன்று பொம்மைகள், மூன்றும் உலகப் புகழ்! கணக்குப்பிள்ளை கோடீஸ்வரர் ஆனார். 1931 முதல் 1935 வரை எவர்ட்டன் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினராகவும் இருந்தார். 1936 செப்டம்பர் 21 அன்று காலமானார்.

புகழ் மட்டுமே பாடக் கூடாது. குறையையும் சொல்லிவிடுகிறேன். அந்தப் பெட்டியின் மூடியிலும் விளம்பரங்களிலும் நெடுங்காலம் பையன்களைத்தான் காட்டினார்கள். பெண் குழந்தைகளுக்கு ஸ்பானர் எதற்கு என்ற நினைப்பு. இன்றைக்கு நம் கல்லூரி ஆய்வகத்தில் மாணவிகள் வேலை செய்வதைப் பார்க்கும்போது, அந்த நினைப்பால் உலகம் எத்தனை பொறியாளர்களை இழந்ததோ என்று தோன்றுகிறது.

காலம் மாறியது. பிளாஸ்டிக் வந்தது, தொலைக்காட்சி வந்தது. 1964-இல் கம்பெனி லைன்ஸ் பிரதர்ஸ் கைக்குப் போனது. 1971-இல் அவர்களும் விழுந்தார்கள். அடுத்த ஆண்டு ஏர்ஃபிக்ஸ் வாங்கியது. 1979 நவம்பர் 30 அன்று பின்ஸ் சாலைத் தொழிற்சாலை மூடப்பட்டது. நூற்றுக்கணக்கானோருக்கு வேலை போயிற்று. தொழிலாளர்கள் ஆலைக்குள்ளேயே உட்கார்ந்து போராடிப் பார்த்தார்கள். பலன் இல்லை. மூன்று பெயர்களும் மூன்று திசையில் பிரிந்தன. மெக்கானோ என்ற பெயர் பிரான்சுக்குப் போய், 2013-இல் கனடா நாட்டு ஸ்பின் மாஸ்டர் கம்பெனியிடம் சேர்ந்தது. ஹார்ன்பி ரயில் மார்கேட் என்ற கடற்கரை ஊர்க் கம்பெனியின் பெயராயிற்று. டிங்கியும் வேறு கைக்குப் போய்விட்டது.

இங்கேதான் என் கட்டுரையின் முக்கியமான இடம் வருகிறது. கம்பெனி பெயரை வாங்கும், விற்கும். பெயருக்கு விலை உண்டு. ஆனால் மனிதரை நினைத்துப் பார்ப்பது கம்பெனியின் வேலை அல்ல. அந்த வேலையை யார் செய்வது?

மகல் ஊரில் ஒரு மத்தியானம்

லிவர்பூலுக்கு வடக்கே மகல் என்று ஒரு சிறிய ஊர். ஹார்ன்பி வாழ்ந்த ஊர் அதுதான். அங்குள்ள புனித ஆண்ட்ரூ தேவாலயத்தில்தான் அவரை அடக்கம் செய்தார்கள். என் மகள் குடும்பத்தோடு இங்கிலாந்தில் இருப்பதால் சில ஆண்டுகளுக்கு முன் அங்கே போகும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. "அப்பா, லண்டன்ல எவ்வளவோ இருக்கு. இந்த ஊருக்கு எதுக்குப்பா?" என்றாள். "நீ வண்டிய விடும்மா, சொல்றேன்" என்றேன்.

பிரம்மாண்டமான கட்டடத்தை எதிர்பார்த்துப் போனால் ஏமாந்து போவோம். நீச்சல் குளம், நூலகம், உடற்பயிற்சிக்கூடம் எல்லாம் சேர்ந்திருக்கும் உள்ளூர்ப் பொதுக் கட்டடம் ஒன்றில்தான் ஹார்ன்பி பாரம்பரிய மையம் இருக்கிறது. தலையைத் துவட்டிக்கொண்டே நீச்சல் குளத்திலிருந்து வரும் பிள்ளைகள் கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் நின்று பார்த்துவிட்டுப் போகிறார்கள். உள்ளே மெக்கானோ மாதிரிகள், ஹார்ன்பி ரயில்கள், டிங்கி கார்கள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் இன்னது, இன்ன ஆண்டு என்று எழுதிய சீட்டு. அவ்வளவுதான்.

ஆனால் நான் பார்த்து வியந்தது பொம்மைகளை அல்ல, பார்த்துக்கொள்கிறவர்களை. அத்தனை பேரும் தொண்டர்கள். ஓர் அறக்கட்டளையாகச் சேர்ந்து, தங்கள் நேரத்தைக் கொடுத்துச் செய்கிறார்கள். அன்றைக்கு இருந்த பெரியவருக்கு என் வயதுதான் இருக்கும். "சின்ன வயசுல நீங்க எந்தப் பெட்டி வச்சிருந்தீங்க?" என்று என்னிடம் கேட்டார். அங்கே வருகிறவர்களிடம் கேட்கும் வழக்கமான கேள்வி போலிருக்கிறது. "எங்களுக்குப் பெட்டி கிடையாதுங்க. சோளத்தட்டைதான்" என்றேன். மகள் மொழிபெயர்த்தாள்.

மனிதர் விடவில்லை. அது என்ன, எப்படிச் செய்வீர்கள் என்றார். அறுவடை முடிந்த காட்டில் காய்ந்த சோளத்தட்டையை ஒடித்து வந்து, மேல்தோலை நீளவாக்கில் பட்டை பட்டையாக உரிப்போம். உள்ளே பஞ்சு போல இருக்கும் பகுதியைத் துண்டு துண்டாக நறுக்குவோம். பட்டையின் முனையைக் கூராக்கி அந்தத் துண்டில் குத்தினால் அதுதான் மூட்டு. மாட்டுவண்டி, மூக்குக்கண்ணாடி, கட்டில், வீடு எது வேண்டுமானாலும் செய்யலாம். பிடுங்கி எடுத்து மறுபடி வேறொன்று செய்யலாம். இதையெல்லாம் கையை ஆட்டி ஆட்டிச் சொன்னேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. இது மெக்கானோவேதான் என்றார். பிறகு ரொம்ப இயல்பாக ஒரு கேள்வி கேட்டார்: "உங்க ஊர்ல இதை எந்த மியூசியத்துல பார்க்கலாம்?"

நான் பதில் சொல்வதற்குள் மகள் முந்திக்கொண்டு, "எங்கேயும் இல்லை" என்று சொல்லிவிட்டாள். உண்மையும் அதுதானே!

இந்தியாவுக்கு வந்த கதை

ஹார்ன்பியின் பொம்மைக்கு நம் நாட்டோடும் உறவு உண்டு. 1960களின் இறுதியில் டிங்கி கார்களின் பழைய வார்ப்பு அச்சுகள் சிலவற்றைக் கல்கத்தாவில் ஒரு கம்பெனி வாங்கியது. டிங்கி என்ற பெயரைப் பயன்படுத்த முடியாது என்பதால் 'நிக்கி' என்ற பெயரில் அதே கார்களை வார்த்து விற்றார்கள். பழைய பொம்மை சேகரிப்பவர்கள் இன்று அவற்றைத் தேடி அலைகிறார்கள்.

இதைவிடப் பெரிய உறவு இன்னொன்று. அரவிந்த் குப்தா என்ற பெயரை அறிவியல் ஆசிரியர்கள் அறிந்திருப்பார்கள். கான்பூர் ஐஐடியில் 1975-இல் பட்டம் பெற்றவர். புனேயில் டெல்கோ கம்பெனியில் வேலை. 1978-இல் விடுப்பு எடுத்துக்கொண்டு மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் பகுதிக்குப் போனார். அங்கே 1972 முதல் கிராமப் பள்ளிகளில் செய்முறை வழியாக அறிவியல் கற்பிக்கும் திட்டம் நடந்துகொண்டிருந்தது. அங்குள்ள சந்தையில் கிடைத்த சைக்கிள் வால்டியூப்பையும் தீக்குச்சியையும் வைத்து அவர் செய்ததுதான் தீக்குச்சி மெக்கானோ.

செய்முறை எளிது. மருந்தைச் சுரண்டி எடுத்த தீக்குச்சி, ஒன்றரை சென்டிமீட்டர் நீளத்துக்கு வெட்டிய வால்டியூப் துண்டு. துண்டின் இரண்டு பக்கமும் குச்சியைச் செருகினால் மடங்கும் மூட்டு தயார். மூன்றாவது குச்சி வேண்டுமென்றால் டியூப்பின் நடுவில் கருவேல முள்ளால் ஒரு துளை. முக்கோணம் நிற்கும், சதுரம் சாயும். ஹார்ன்பியின் பாடம் அப்படியே வந்துவிட்டது! 7 ஷில்லிங் பெட்டி தேவையில்லை. சைக்கிள் கடையும் பெட்டிக்கடையும் போதும். அவருடைய புத்தகங்கள் பல இந்திய மொழிகளில் வந்தன. பின்னாளில் புனேயில் ஐயூகா வளாகத்தில் உள்ள சிறுவர் அறிவியல் மையத்தில் பல ஆண்டுகள் பணியாற்றினார். 2018-இல் பத்மஸ்ரீ விருது பெற்றார்.

1990களில் அறிவொளி இயக்கமும் தமிழ்நாடு அறிவியல் இயக்கமும் நடத்திய பயிற்சி முகாம்கள், 'துளிர்' இதழ் ஆகியவற்றின் வழியாக இந்த வகைப் பொம்மைகள் எங்களைப் போன்ற கிராமத்து வாத்தியார்களுக்கு வந்து சேர்ந்தன. என் எட்டாம் வகுப்பில் ஒரு நாள் எல்லாருக்கும் குச்சியும் டியூப்பும் கொடுத்தேன். கணக்கில் எப்போதும் தலையைக் குனிந்துகொண்டு இருக்கும் ஒரு பையன். அவனுடைய அப்பாவுக்கு ஊரில் சைக்கிள் கடை. அன்றைக்கு அவன்தான் முதலில் கனசதுரம் செய்தான். அது சாய்ந்ததைப் பார்த்துவிட்டு, யாரும் சொல்லாமலே ஒவ்வொரு முகத்திலும் குறுக்குக் குச்சி கொடுத்தான். நீளம் பத்தவில்லை. ஒரு குச்சியை ஒடித்து இன்னொன்றோடு சேர்த்து நீளமாக்கினான். "குறுக்குக் குச்சி மட்டும் ஏன் சார் பெருசா வேணும்?" என்று கேட்டான். வர்க்கமூலம் இரண்டு என்ற பாடத்தை அன்றைக்கு அவன்தான் தொடங்கி வைத்தான். முப்பத்தைந்து ஆண்டு வாத்தியார் வேலையில் எனக்கு நிறைவு தந்த நாட்களில் அதுவும் ஒன்று.

நம்ம பள்ளத்தாக்கில் யார் நினைவு?

இப்போது நம் ஊருக்கு வருவோம். நன்றி மறக்காத சனங்கள்தான் நாம். முல்லைப் பெரியாறு அணை 1895-இல் திறக்கப்பட்டது. அதைக் கட்டிய பென்னிகுயிக் துரையின் படத்தைக் கம்பம் பள்ளத்தாக்கில் எத்தனை வீடுகளில், எத்தனை கடைகளில் மாட்டியிருக்கிறார்கள்! லோயர் கேம்பில் அரசு மணிமண்டபம் கட்டித் திறந்தது 2013-இல்தான். அதற்கு முன் நூறு ஆண்டுக்கு மேலாக அவர் பெயரைக் காத்தவர்கள் அந்தத் தண்ணீரில் நெல் விளைவித்த சனங்கள்தான். இன்றும் அவர் பிறந்த நாளான ஜனவரி 15 அன்று பாலார்பட்டியில் பொங்கல் வைக்கிறார்கள். மகல் ஊர்த் தொண்டர்கள் செய்வதும் இதே காரியம்தான். அவர்கள் கண்ணாடிப் பெட்டி வைத்தார்கள், நாம் பொங்கல் பானை வைத்தோம்.

அணை பெரியது, கண்ணுக்குத் தெரிகிறது. ஆகவே நினைவும் நிற்கிறது. சின்ன விஷயங்கள் என்ன ஆகின்றன?

வடுகபட்டி என்றதும் எல்லாருக்கும் பூண்டு மார்க்கெட் ஞாபகம் வரும். கவிப்பேரரசு வைரமுத்து வளர்ந்த ஊர் என்பது ஞாபகம் வரும். எனக்கு ஞாபகம் வருவது எங்க தெரு ஆசாரித் தாத்தா. கலப்பையும் வண்டிச் சக்கரமும் செய்கிறவர். தெருவில் எந்த வீட்டில் பிள்ளை எழுந்து நிற்கத் தொடங்கினாலும் ஒரு நடைவண்டி செய்து கொண்டுவந்து வைத்துவிடுவார். கூலி என்று கறாராகக் கேட்டதில்லை. ஒரு படி சோளம், ஒரு கை பூண்டு, கொடுத்ததை வாங்கிக்கொள்வார். அவர் செய்யும் நடைவண்டியில் ஒரு விசேஷம் உண்டு. பின் சக்கரங்கள் இரண்டும் அச்சில் கொஞ்சம் இறுக்கமாக இருக்கும். பிள்ளை சாய்ந்தால் வண்டி விருட்டென்று ஓடிவிடாது. நடக்கப் பழகிய பிறகு கொண்டுபோய்க் கொடுத்தால், இழைத்துத் தளர்த்தி, "இனிமே ஓடட்டும் கழுத" என்று திருப்பிக் கொடுப்பார். உராய்வு விசை பற்றி நான் கல்லூரியில் படித்தேன். அவர் படிக்காமலே செய்தார்.

அவருக்கு ஒரு புகைப்படம்கூட இல்லை. பேரப்பிள்ளைகள் திருப்பூர்ப் பக்கம் போய்விட்டார்கள். உளியும் இழைப்புளியும் பழைய இரும்புக்கு எடைக்குப் போயின. பிளாஸ்டிக் வண்டி வந்தபின் நடைவண்டிகள் விறகாயின. என் வீட்டுப் பரணில் ஒன்று மிச்சம் இருக்கிறது. அதைச் செய்தவர் யார் என்று சொல்ல, எனக்குத் தெரிந்து, எங்க தெருவில் இன்னும் நாலைந்து பேர் இருப்போம். எல்லாருக்கும் எழுபதை ஒட்டிய வயது. நாங்களும் போய்விட்டால் அது பெயரில்லாத ஒரு மரக்கட்டை. அவ்வளவுதான்.

சோளத்தட்டை வண்டியும் அப்படியே. நுங்கு வண்டி, பனையோலைக் காற்றாடி, சோடா மூடியில் நூல் கோத்துச் சுற்றும் சுழலி, தீப்பெட்டி ரயில் இவற்றையெல்லாம் கண்டுபிடித்தவர்கள் யார்? பெயர் தெரியாது. காப்புரிமை கிடையாது. ஆனால் அவற்றில் நெம்புகோல் இருக்கிறது, அச்சு இருக்கிறது, சுழற்சி இருக்கிறது. சோளம் விதைப்பதே குறைந்துபோன காட்டில், சோளத்தட்டையில் மூட்டுப் போடத் தெரிந்த கைகளும் குறைந்துகொண்டே வருகின்றன. ஒரு கை மறந்துவிட்டால் அதைப் புத்தகத்தில் தேடி எடுக்க முடியாது, ஏனென்றால் எந்தப் புத்தகத்திலும் அது எழுதப்படவில்லை.

ஒரு கண்ணாடி அலமாரி போதும்

ஆகவே நம் முன்னாள் மாணவர் சங்கத்தின் முன் ஒரு வேண்டுகோளை வைக்கிறேன். மண்டபம் கட்ட வேண்டாம். கல்வெட்டு வேண்டாம். திறப்பு விழாவுக்கு மந்திரியை அழைக்க வேண்டாம். நம் கல்லூரி நூலகத்திலோ இயற்பியல் துறையிலோ ஒரு கண்ணாடி அலமாரி. அது போதும்.

அதற்கு மூன்று காரியங்கள் வேண்டும்.

முதலாவது, பொருள். அவரவர் வீட்டுப் பரணில் கிடக்கும் பம்பரம், நடைவண்டி, மரப்பாச்சி, கிலுகிலுப்பை எதுவாக இருந்தாலும் கொண்டு வாருங்கள். உடைந்திருந்தாலும் பரவாயில்லை. என் வீட்டு நடைவண்டியை முதல் பொருளாக நான் தருகிறேன்.

இரண்டாவது, சீட்டு. இதுதான் பொருளைவிட முக்கியம். யார் செய்தது, எந்த ஊர், ஏறக்குறைய எந்த ஆண்டு, எந்த மரம், எப்படிச் செய்வது என்று ஒரு பக்கம் எழுதித் தாருங்கள். சீட்டு இல்லாத பொருள் பழைய சாமான். சீட்டு உள்ள பொருள்தான் வரலாறு. மகல் ஊரில் நான் கற்றுக்கொண்ட பாடம் இது.

மூன்றாவது, கை. இது மாணவர்களின் வேலை. உங்கள் பாட்டியிடம், தாத்தாவிடம் உட்கார்ந்து ஒரு பொம்மையையாவது செய்யக் கற்றுக்கொள்ளுங்கள். உங்கள் கையில்தான் செல்போன் இருக்கிறதே, அவர்கள் விரல்கள் வேலை செய்வதைப் படம் பிடித்து வையுங்கள். அந்தப் பத்து நிமிடப் படம் நாளைக்கு விலைமதிப்பில்லாததாக இருக்கும். வருடத்துக்கு ஒரு நாள் பக்கத்துப் பள்ளிப் பிள்ளைகளை அழைத்து, அலமாரியில் இருப்பதைக் காட்டி, அவர்களையும் செய்ய வைப்போம். கண்ணாடிக்குள் பூட்டி வைத்தால் மட்டும் பொம்மை பிழைக்காது. பிள்ளை கையில் ஓடினால்தான் பிழைக்கும்.

சம்பளம் இல்லாத வேலைக்கு ஆள் வருமா என்று சிலர் கேட்கலாம். நம்மில் ஓய்வு பெற்றவர்கள் எத்தனை பேர்! வாரத்தில் ஒரு மத்தியானம், ஆளுக்கு மாதத்தில் ஒரு முறை. தேனியிலும் பெரியகுளத்திலும் போடியிலும் இருக்கும் நம் நண்பர்கள் பன்னிரண்டு பேர் முன்வந்தால் வருடம் முழுக்க அந்த அலமாரிக்கு ஆள் இருக்கும். கடல் தாண்டி ஒரு சின்ன ஊர் செய்வதை நம்மால் செய்ய முடியாதா?

ஹார்ன்பிக்காவது காப்புரிமை இருந்தது, தொழிற்சாலை இருந்தது, பத்திரிகை இருந்தது. அப்படி இருந்தும் அவரை நினைத்து விளக்கேற்றி வைப்பவர்கள் அவருடைய ஊர்க்காரர்கள்தான். நம்ம ஆசாரித் தாத்தாக்களுக்கு இவை எதுவும் இல்லை. அவர்களுக்கு இருப்பது நம் ஞாபகம் ஒன்றுதான். அந்த ஞாபகம் இருக்கும்போதே ஒரு சீட்டு எழுதி வைத்துவிடுவோம். விருப்பமுள்ளவர்கள் சந்திப்பு நாளன்று மதிய உணவுக்குப் பின் இயற்பியல் துறை வராந்தாவில் கூடலாம். நான் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு அங்கே இருப்பேன்.

வாழ்க நம் கல்லூரி! வளர்க நம் நட்பு!